தர்பார் செட்டில் நிஜக் கதவு எது?

சரித்திரப் படங்களின் செட்டுகளில் தீ பாதுகாப்பு பார்ப்பது என் வேலை. போர்க்களத்தில் கூடாரம் எரிகிற காட்சி என்றால் என்னைக் கூப்பிட யாரும் மறப்பதில்லை. அன்றைக்குத் தண்ணீர் லாரி நிற்கும், ஆம்புலன்ஸ் நிற்கும். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்த பிறகுதான் ஸ்டன்ட் மாஸ்டர் பந்தத்தையே பற்ற வைக்கச் சொல்வார். அந்த நாட்களில் எனக்குப் பெரிய பயம் கிடையாது. ஸ்டுடியோவில் ஃப்ளோர் என்று சொல்லும் மூடிய படப்பிடிப்புக் கூடத்துக்குள் தர்பார் காட்சி எடுக்கும் சாதாரண நாளில்தான் வயிற்றைக் கலக்கும்.

1989 பிப்ரவரி 8 அன்று மைசூரு பிரீமியர் ஸ்டுடியோவில், திப்பு சுல்தான் பற்றிய தொலைக்காட்சித் தொடரின் படப்பிடிப்பில் தீப்பிடித்து 62 பேர் இறந்தார்கள். திப்புவாக நடித்த சஞ்சய் கான் உடலின் பெரும்பகுதி வெந்துபோய், மாதக்கணக்கில் மருத்துவமனையில் கிடந்து, எழுபதுக்கும் மேற்பட்ட அறுவை சிகிச்சைகளைக் கடந்து வந்தார். சரியாக இணைக்காத ஒயர்கள், காற்றோட்டமில்லாத கட்டடம், சுவர்களில் தீத்தடுப்புப் பொருளுக்குப் பதிலாகச் சாக்கு, பெரிய விளக்குகளின் சூடு என்று காரணங்கள் சொல்லப்பட்டன. இவற்றில் எதுவுமே போர்க்காட்சிக்கு மட்டும் உரியதல்ல. இன்றைக்கும் ஏதாவது ஒரு ஃப்ளோரில் இருக்கக்கூடியவைதான்.

திரையில் கல்தூணாகத் தெரிவது பெரும்பாலும் பிளைவுட், தெர்மாகோல், மேலே பூசிய பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ். பிளாஸ்டர் எரியாது, உள்ளே இருப்பதெல்லாம் எரியும். தெர்மாகோல் உருகிச் சொட்டும், கன்னங்கரேலென்று புகையைக் கக்கும். ஆட்களை முதலில் சாய்ப்பது அந்தப் புகைதான். திரைச்சீலைகளாவது பருத்தியாக இருக்கட்டும் என்பேன். போராக்ஸும் போரிக் அமிலமும் கரைத்த தண்ணீரில் நனைத்து உலர்த்தினால் பருத்தித் துணி லேசில் பற்றாது. துவைத்தால் மருந்து போய்விடும், மறுபடி நனைக்க வேண்டும். பட்டு மாதிரி மினுங்கும் பாலியஸ்டருக்கு இந்த வைத்தியம் எடுபடாது.

நான் அதிகம் சண்டை போடுவது கதவுக்காக. தர்பாரில் பார்த்த பக்கமெல்லாம் வாசல் இருக்கும். வளைவு வைத்து, துவாரபாலகர் நிறுத்தி, பிரமாதமாக இருக்கும். திறந்தால் பின்னால் சவுக்குக் கட்டையும் பிளைவுட்டும்தான். நிஜக் கதவு செட்டுக்குப் பின்னால், கேமராவுக்குத் தெரியாத மூலையில் கிடக்கும். அங்கேதான் ஈட்டிக் கட்டுகளையும் கேடயங்களையும் காஸ்ட்யூம் டிரங்குப் பெட்டிகளையும் அடுக்கியிருப்பார்கள். சத்தம் வரக்கூடாது என்று டேக்கின்போது ஷட்டரையும் இறக்கிவிடுவார்கள். அதைப் பூட்டியும் வைத்தால் நான் கையெழுத்துப் போடுவதில்லை. காலையில் வேனில் வந்து இறங்கி, விக்கும் ஒட்டுத்தாடியும் மாட்டி, நேரே உள்ளே போய் நிற்கிற ஜூனியர் ஆர்ட்டிஸ்டுக்கு எது நிஜக் கதவு என்று எப்படித் தெரியும்? கரண்டும் போய்ப் புகையும் சூழ்ந்தால், பக்கத்தில் இருக்கும் பொய் வாசலைப் பார்த்துத்தான் ஓடுவார். முதல் ஷாட்டுக்கு முன்னால் மைக்கில் சொல்லி, எல்லோரையும் ஒருமுறை நிஜக் கதவு வழியாக வெளியே நடக்கவைத்துத் திரும்பக் கூட்டி வாருங்கள். அசிஸ்டென்ட் டைரக்டர்கள் முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டும்.

கேபிள் விஷயம் லைட்மேன் அண்ணன்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மிச்சக் கேபிளைச் சுருளாகவே விட்டுப் பெரிய லோடு கொடுத்தால் சூடேறும். விரித்துப் போட இடம் கேட்டு வாங்குங்கள்.

அப்புறம் கவசம். ஃபைபர் கவசத்தை முதுகுப்பக்கம் கயிற்றால் இறுக்கிக் கட்டுவது வழக்கம். மாட்டியிருப்பவர் தானாகக் கழற்ற முடியாது. முடிச்சுக்குப் பதிலாக வெல்க்ரோ வைத்தால் ஒரே இழுப்பில் வந்துவிடும். உடையில் தீப்பிடித்தால் ஓடவே கூடாது, தரையில் படுத்து உருள வேண்டும். அணைந்ததும் வெந்த இடத்தில் 20 நிமிடம் சாதாரணத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருங்கள், ஐஸ் வேண்டாம். தோலோடு ஒட்டிய துணியைப் பிய்க்காதீர்கள். பற்பசை, பேனா மை எதையும் தடவாதீர்கள். தண்ணீர் ஊற்றும்போதே இன்னொருவர் 108க்குப் போன் செய்யட்டும்.