தலைச்சுற்றலும் செவித்திறன் இழப்பும்: ரத்தக்குழாய்க் கோளாறைக் கண்டறிவது எப்படி?

திடீரென்று கடுமையான தலைச்சுற்றல் வந்து, கூடவே ஒரு காதும் கேட்காமல் போனால், அதைக் காதுக் கோளாறு என்றே பெரும்பாலும் எடுத்துக்கொள்கிறோம். பல நேரங்களில் அது சரிதான். ஆனால், உட்செவிக்கு ரத்தம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால், அவசரப்பட்டு அந்த முடிவுக்கு வரக்கூடாது என்பது விளங்கும்.

கழுத்தின் பின்புறமாக ஏறும் இரண்டு முதுகெலும்புத் தமனிகள் மூளைத்தண்டின் முன்புறம் ஒன்றுசேர்ந்து பேசிலார் தமனியாகின்றன. அதிலிருந்து பிரியும் முன்கீழ்ச் சிறுமூளைத் தமனியின் மெல்லிய கிளையொன்றே பெரும்பாலோருக்கு உட்செவியைக் காக்கிறது. அதற்கு மாற்றுப்பாதை கிடையாது. அது அடைபட்டால் சமநிலையை உணரும் பகுதியும் ஒலியை உணரும் காக்ளியாவும் ஒருசேர ரத்தமின்றித் தவிக்கும். அடைப்பு தாய்த்தமனியிலேயே இருந்தால் சிறுமூளையும் மூளைத்தண்டும் சேர்ந்து பாதிக்கப்படலாம். சிலருக்குக் காதில் அறிகுறி தோன்றிய சில நாட்களிலேயே பக்கவாதம் வந்துவிடுகிறது.

உடனே ஸ்கேன் எடுத்தால் தெரிந்துவிடுமே என்று தோன்றும். ஆனால், சிறுமூளைப் பகுதியின் புதிய அடைப்பை சி.டி. ஸ்கேன் பெரும்பாலும் காட்டுவதில்லை. 2009-இல் வெளியான ஓர் ஆய்வில், விடாத தலைச்சுற்றலோடு வந்து பக்கவாதம் என்று உறுதியானவர்களில் 12 சதவீதத்தினருக்கு முதல் எம்.ஆர்.ஐ. ஸ்கேனே இயல்பாக இருந்தது. அவை அனைத்தும் முதல் 48 மணி நேரத்துக்குள் எடுக்கப்பட்டவை. அதே ஆய்வு முன்வைத்த கண் பரிசோதனைக்குக் கருவி எதுவும் தேவையில்லை. தலைச்சுற்றல் விடாமல் நீடிப்பவரிடம், மருத்துவர் தம் மூக்கையே பார்க்கச் சொல்லி, அவர் தலையைச் சட்டென்று சிறிதளவு பக்கவாட்டில் திருப்புவார். உட்செவி பழுதென்றால் கண்கள் தலையோடு நகர்ந்து, பின்னர் துள்ளித் திரும்பி மூக்கைப் பிடிக்கும். சுற்றல் ஓயாத நிலையிலும் கண்கள் மூக்கை விட்டு விலகாமல் நிலைத்திருந்தால், ஐயம் மூளையின் மீது திரும்ப வேண்டும். பார்க்கும் திசைக்கேற்ப, விழிகள் தாமாகவே துடித்தசையும் திசை மாறுவதும், கண்களை மாற்றி மாற்றி மூடும்போது விழி மேலும் கீழும் நகர்வதும் அதே ஐயத்தை வலுப்படுத்துகின்றன.

முன்கீழ்ச் சிறுமூளைத் தமனி அடைபடும்போது உட்செவியும் பழுதாவதால், தலை திருப்பும் சோதனை காதையே குற்றவாளியாகக் காட்டி ஏமாற்றக்கூடும். காதருகே விரல்களை உரசி, புதிதாகக் கேளாமை வந்திருக்கிறதா என்று பார்க்கும் எளிய சோதனையும் பின்னர் இதனால்தான் சேர்க்கப்பட்டது. சில நொடிகளில் முடியும் இச்சோதனையை எவரும் விட்டுவிடக் கூடாது.

அடைப்பு மட்டுமே காரணமல்ல. நாடித்துடிப்போடு இசைந்து காதில் இரைச்சல் கேட்டால், மூளையுறையில் தமனியும் சிரையும் முறைகேடாக இணைந்திருக்கிறதா என்று ஆஞ்சியோகிராம் மூலம் தேடுவார்கள். நீண்டு வளைந்த தமனி செவி நரம்பை அழுத்தினால், சில நொடிகளே நீடிக்கும் தலைச்சுற்றல் அடிக்கடி வரலாம். ஆனால், ரத்தக்குழாய் நரம்பைத் தொடும் காட்சி நலமானவர்களின் எம்.ஆர்.ஐ. படத்திலும் தென்படுவதால், படத்தை மட்டும் நம்பாமல், வலிப்புக்குத் தரப்படும் கார்பமாசெபின் போன்ற மருந்துக்கு அந்தத் தாக்குதல்கள் குறைகின்றனவா என்பதையும் பார்த்தே நோயை உறுதிசெய்கிறார்கள்.