பலூன் காலியான பிறகு எது தள்ளுகிறது?

நூலில் கோத்த ஸ்ட்ராவில் பலூனை ஒட்டி வாயைத் திறந்துவிட்டால் சர்ரென்று பாயும். ஆகஸ்ட் 23, தேசிய விண்வெளி நாளையொட்டி ஏராளமான பள்ளிகளில் இதைச் செய்கிறார்கள். பிள்ளைகள் கைதட்டுவார்கள், ஒவ்வொரு விசைக்கும் சமமான எதிர்விசை உண்டு என்ற நியூட்டனின் மூன்றாம் விதியை ஆசிரியர் சொல்வார், மணி அடித்துவிடும். ஒரு வாரம் கழித்து அதே பிள்ளைகளிடம் ராக்கெட் எப்படி மேலே போகிறது என்று கேட்டுப் பாருங்கள். "புகை தரையைத் தள்ளுது சார்" என்று பலர் சொல்வார்கள். பலூன் பாய்ந்ததைப் பார்த்தார்களே தவிர, அளக்கவில்லை. பாயும் முன் என்ன நடக்கும் என்று யோசித்து எழுதவுமில்லை. அந்த இரண்டையும் சேர்த்தால் இதே பலூனை வைத்து இரண்டு பாடவேளை நடத்தலாம்.

மீன் தூண்டிலுக்குக் கட்டும் நைலான் நரம்பு 8 மீட்டர் வாங்குங்கள். பூக்கட்டும் நூல் வேண்டாம். அதன் பிசிறு ஸ்ட்ராவின் உள்ளே உரசி ஓட்டத்தைக் கெடுக்கும். வராண்டாவின் இரண்டு தூண்களுக்கு நடுவே ஒரே மட்டத்தில், விரலால் சுண்டினால் அதிரும் அளவுக்கு இறுக்கிக் கட்டுங்கள். தொய்வு இருந்தால் பலூன் முதல் பாதியில் இறக்கத்திலும் அடுத்த பாதியில் ஏற்றத்திலும் ஓடும். அளந்த கணக்கெல்லாம் வீண். பிளாஸ்டிக் ஸ்ட்ராவுக்குத் தடை இருப்பதால் காகித ஸ்ட்ரா, அல்லது காலியான பால்பாயின்ட் பேனாவின் குழாய் போதும்.

சுருங்கிய பலூனில் டேப்பை ஒட்டிவிட்டு ஊதினால் ரப்பர் விரிய விரிய டேப் பிய்ந்துவிடும். ஆகவே முதலில் ஊதி, வாயைத் துணிக்கிளிப்பால் பிடித்துக்கொண்டு, பிறகு இரண்டு துண்டு டேப்பால் ஸ்ட்ராவோடு ஒட்டுங்கள். பலூனின் வாய் நரம்புக்கு இணையாக இருக்க வேண்டும். கோணலாக இருந்தால் பலூன் முன்னே போகாமல் நரம்பைச் சுற்றிச் சுழலும். நீண்ட வடிவப் பலூனில் இந்தத் தொல்லை குறைவு.

வாயால் ஊதவே கூடாது. ஒரு பலூன் பல வாய்களுக்குப் போவது சுகாதாரக் கேடு. அதோடு, எவ்வளவு காற்று போனது என்றும் தெரியாது. கைப்பம்பில் 4 முறை, 6 முறை, 8 முறை என்று எண்ணி அடித்தால் காற்றின் அளவு கையில் இருக்கும். புதுப் பலூனை இரண்டு மூன்று முறை ஊதி இறக்கிவிட்டுத்தான் சோதனைக்கு எடுக்க வேண்டும். முதல்முறை ஊதும்போது ரப்பர் விறைப்பாக இருக்கும், பிறகு தளரும். இதைக் கவனிக்காவிட்டால் முதல் அளவும் மூன்றாவது அளவும் ஒத்துவராது, பிள்ளைகள் விதியையே சந்தேகப்படுவார்கள்.

நேரத்தை அளக்க வேண்டாம், தூரத்தை அளங்கள். ஓட்டம் ஓரிரு விநாடியில் முடிந்துவிடுவதால், ஸ்டாப்வாட்சை அமுக்கும் விரலின் தாமதமே பெரிய பிழையாகிவிடும். பலூன் நரம்பின் நடுவிலேயே நிற்கும் அளவுக்குக் காற்றைக் குறைத்து, நின்ற இடத்தை டேப்பால் குறியுங்கள். ஒவ்வொரு அளவுக்கும் மூன்று ஓட்டம், அதன் சராசரி. பிறகு காற்றை மாற்றாமல், ஒரே அளவு வாஷர்களை ஸ்ட்ராவில் ஒவ்வொன்றாக ஒட்டிப் பாருங்கள். நிறை கூடக்கூடத் தூரம் குறைவதை அவர்களே அட்டவணையில் எழுதுவார்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும் என்பதை இங்கே கறாராகச் சொல்லிவிட வேண்டும்.

"தரையைத் தள்ளுது" என்பதற்கும் இங்கேயே பதில் இருக்கிறது. ஒருமுறை பலூனின் வாயைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தும், இன்னொருமுறை பின்னால் வெட்டவெளியாக விட்டும் ஓடவிடுங்கள். பின்னால் தள்ளுவதற்குச் சுவர் இல்லாதபோதும் பலூன் பாய்கிறது. பலூன் காற்றைப் பின்னுக்குத் தள்ளுகிறது, காற்று பலூனை முன்னுக்குத் தள்ளுகிறது. இரண்டு விசைகளும் வெவ்வேறு பொருள்கள்மேல் செயல்படுவதால் ஒன்றையொன்று அழித்துக்கொள்வதில்லை. கரும்பலகையில் பலூனையும் காற்றையும் தனித்தனியாக வரைந்து, ஒவ்வொன்றுக்கும் அதனதன் அம்புக்குறியைப் போடச் சொல்லுங்கள். இரண்டு அம்புகளையும் ஒரே படத்தில் போட்டால் குழப்பம் திரும்பிவரும்.

அடுத்தது, அட்டையில் ஒரு தரையிறங்கி செய்வது. 2019 செப்டம்பரில் சந்திரயான்-2இன் விக்ரம் தரையிறங்கி மெதுவாக இறங்க முடியாமல் நிலவில் மோதியது. சந்திரயான்-3இல் செய்த மாற்றங்களில் ஒன்று கால்களை வலுவாக்கியது: விநாடிக்கு 2 மீட்டர் என்றிருந்த தாங்குவேகம் 3 மீட்டரானது. இந்த எண்ணை வகுப்பறைக்குள் கொண்டுவர முடியும். பூமியில் 20 செ.மீ. உயரத்திலிருந்து விழும் பொருள் ஏறத்தாழ விநாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் தரையைத் தொடும், 46 செ.மீ. உயரத்திலிருந்து விழுந்தால் 3 மீட்டர். வேகம் ஒன்றரை மடங்கு, ஆனால் கால்கள் வாங்கிக்கொள்ள வேண்டிய ஆற்றல் இரண்டேகால் மடங்கு.

15 செ.மீ. சதுர அட்டை, அதன்மேல் ஒட்டிய காகிதக் கப், கப்புக்குள் இரண்டு கோலிக்குண்டு. கப்பை மூடக் கூடாது. கீழே கால்களுக்கு விசிறி மடிப்புக் காகிதம், ஸ்பாஞ்சு, ஸ்ட்ரா, ரப்பர் பேண்ட் என்று குழுவின் விருப்பம். 20 செ.மீ., பிறகு 46 செ.மீ. உயரத்திலிருந்து விட வேண்டும். கோலி வெளியே தெறிக்கக் கூடாது. 40 பேர் இருக்கும் வகுப்பில் 5 பேர் கொண்ட 8 குழுக்கள் சரியாக வரும்.

கையால் விடும்போது எப்படியும் ஒரு பக்கம் சாய்ந்துவிடும். அட்டையின் நான்கு மூலைகளில் நூல் கட்டி, மேலே ஒன்றாக முடிந்து தொங்கவிட்டு, அசைவு நின்றதும் முடிச்சுக்கு மேலே கத்தரியுங்கள். பாராசூட் கட்ட ஒரு குழுவாவது கிளம்பும். வேண்டாம் என்று உடனே தடுக்காமல், நிலவில் பாராசூட்டைப் பிடித்து நிறுத்த என்ன இருக்கிறது என்று கேட்டால் போதும். காற்றில்லை என்பதை அவர்களே சொல்லிவிடுவார்கள்.

துள்ளும் ஸ்பிரிங்தான் நல்ல கால் என்று பலரும் நினைப்பார்கள். ஸ்பிரிங் வாங்கிய ஆற்றலைத் திருப்பிக் கொடுத்துவிடும், கோலி எகிறிவிடும். நசுங்கி, நசுங்கியபடியே நிற்கும் கால்தான் இங்கே வேண்டும். அப்பல்லோ தரையிறங்கியின் கால்களுக்குள் நசுங்கும் அலுமினியத் தேன்கூட்டு அமைப்பு இருந்தது இதற்காகத்தான். 46 செ.மீ. விழுந்து 1 செ.மீ. நசுங்கி நின்றால், தரை கொடுக்கும் சராசரி விசை எடையைப்போல் 47 மடங்கு. 4 செ.மீ. நசுங்கினால் பன்னிரண்டரை மடங்குதான். நசுங்கிய காலை ஸ்கேலால் அளந்து இந்தக் கணக்கை ஒவ்வொரு குழுவும் போட வேண்டும். இந்த ஒரு கணக்குக்காகவே இந்தச் செயலுக்கு ஒரு முழுப் பாடவேளை கொடுக்கலாம்.

நேரம் மிஞ்சினால், பாட்டிலின் அடிப்பக்கம் 3 மி.மீ. ஓட்டை போட்டு, மூடியைத் திறந்துவைத்து, நீர் பீய்ச்சும்போதே பெஞ்சின்மேல் நின்று வாளிக்குள் விடுங்கள். விழும் அந்த நொடியில் நீர் நின்றுவிடும். செல்போனில் ஸ்லோமோஷனில் பிடித்தால் தெளிவாகத் தெரியும். பன்னாட்டு விண்வெளி நிலையம் சுற்றும் சுமார் 400 கி.மீ. உயரத்திலும் புவியீர்ப்பு தரையில் இருப்பதில் ஏறக்குறைய 90 சதவீதம் உண்டு. வீரர்கள் மிதப்பது ஈர்ப்பு இல்லாததால் அல்ல, நிலையத்தோடு சேர்ந்து விழுந்துகொண்டே இருப்பதால்.

மதிப்பெண் போட ஒரே ஒரு கேள்வி வைத்துக்கொள்ளுங்கள். பலூன் காலியான பிறகும் நரம்பில் இன்னும் கொஞ்ச தூரம் வழுக்கிக்கொண்டு போகிறதே, அந்த நேரத்தில் ஓட்டத்தின் திசையிலும் அதற்கு எதிராகவும் உள்ள விசைகளை அம்புக்குறியால் வரையச் சொல்லுங்கள். நிறையப் பிள்ளைகள் முன்பக்கம் ஓர் அம்பு போடுவார்கள். அதை உடனே தவறென்று அடித்துவிடாதீர்கள். கேரம் போர்டில் பவுடர் போடாமல் ஒருமுறை, போட்டு ஒருமுறை ஸ்ட்ரைக்கரைச் சுண்டவிட்டு, விரல் விலகிய பிறகு அதை யார் தள்ளுகிறார்கள் என்று கேளுங்கள். பவுடர் போட்டதும் உராய்வுதான் குறைந்தது, தள்ளும் விசை எதுவும் கூடவில்லை. பிறகு சந்திரயான்-3இன் பயணத்தைச் சொல்லுங்கள்: 2023 ஜூலை 14இல் கிளம்பி ஆகஸ்ட் 23இல் இறங்கும் வரை 40 நாள், அதில் எஞ்சின் எரிந்தது சொற்ப நேரமே. அதே தாளைத் திருப்பிக் கொடுத்து, பலூனின் அம்புகளை மறுபடி வரையச் சொல்லுங்கள். காற்றின் தடையும் நரம்பின் உராய்வும் மட்டும் பின்பக்கம் நிற்க, முன்பக்க அம்பை அந்தப் பிள்ளை தானே அழிக்கும்.