35 வயதில் மறுபடி மாணவர்: வீட்டில் முதலில் பேசவேண்டியவை

சனிக்கிழமை மாலை வேளச்சேரி விஜயநகர் பேருந்து நிலையத்தின் பக்கம் போனால், பயிற்சி நிலையங்களின் மாடிப்படிகளிலிருந்து லேப்டாப் பையோடு ஒரு கூட்டம் இறங்கி வருவதைப் பார்க்கலாம். கல்லூரி முடித்த பிள்ளைகளுக்கு நடுவே முன்நெற்றி ஏறிய ஆண்கள் இருப்பார்கள். “சாதம் மட்டும் வெச்சிடுங்க அத்தை, நான் வந்து குழம்பு வெச்சிடறேன்” என்று போனில் சொல்லிக்கொண்டே படியிறங்கும் பெண்கள் இருப்பார்கள். பத்துப் பன்னிரண்டு வருஷம் ஒரு வேலையைப் பார்த்துவிட்டு, இன்னொரு வேலைக்காக மறுபடி நோட்டுப் புத்தகத்தைத் திறந்தவர்கள்.

அசோக் நகரில் நான் மனநல ஆலோசகராக வேலை செய்கிறேன். இவர்களில் சிலர் என்னிடம் வருகிறார்கள். யாரும் “வேலை மாறப் படிக்கிறேன், அதுதான் பிரச்சினை” என்று சொல்லிக்கொண்டு வருவதில்லை. தூக்கம் வரவில்லை, குழந்தையிடம் எரிந்து விழுகிறேன், படித்தது மண்டையில் நிற்கவில்லை, இப்படித்தான் பேச்சு ஆரம்பிக்கும். அவர்களில் இரண்டு பேரைப் பற்றி இங்கே எழுதுகிறேன். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

முதலாமவருக்கு 36 வயது. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவு. ஆர்டர் குறைகிறது, இனிமேல் இங்கே வளர்ச்சி இல்லை என்று தெரிந்ததும் டேட்டா அனலிட்டிக்ஸ், அதாவது தகவல்களை அலசி முடிவு சொல்லும் வேலைக்கான வகுப்பில் சேர்ந்துவிட்டார். சனி, ஞாயிறு வகுப்பு. மற்ற நாளெல்லாம் ராத்திரிப் படிப்பு. அவரை என்னிடம் அழைத்து வந்தது மனைவி. பயிற்சிக் கட்டணத்துக்காக அந்தப் பெண்ணின் இரண்டு வளையல் அடகில் இருந்தது. அதைப் பற்றி அவருக்கு வருத்தம் எதுவும் இல்லை. அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: “எப்போ முடியும்னு மட்டும் இவரைச் சொல்லச் சொல்லுங்க மேடம். தேதி தெரிஞ்சா மத்ததை நான் பாத்துக்கறேன்.”

கணவர் மூன்று மாதம் என்று சொல்லித்தான் சேர்ந்திருக்கிறார். அப்போது ஏழாவது மாதம் நடந்துகொண்டிருந்தது. எப்போது முடியும் என்று அவருக்கே தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லக் கூச்சப்பட்டு, அந்தப் பேச்சு வரும்போதெல்லாம் எழுந்து லேப்டாப் பக்கம் போய்விடுவார்.

ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து, படிப்பில் சேர்வதற்கு முன்னால் ஒரு நாள் எப்படிப் போனது, இப்போது எப்படிப் போகிறது, மணிக்கணக்காக எழுதுங்கள் என்றேன். தினமும் மூன்றரை மணி நேரம் படிக்கிறார். அந்த மூன்றரை மணி நேரம் எங்கிருந்து வந்தது? தூக்கத்திலிருந்து இரண்டு மணி நேரம். சாப்பிட்ட பிறகு மனைவியோடு உட்கார்ந்து பேசும் அரை மணி நேரம். மகளுக்குக் கதை சொல்லித் தூங்கவைக்கும் அரை மணி நேரம். சாயங்காலம் அம்மாவைக் கோயிலுக்குக் கூட்டிப்போய் வரும் அரை மணி நேரம். ஆபீஸ் வேலையில் ஒரு நிமிஷம்கூடக் குறையவில்லை. ராத்திரி போனில் கிரிக்கெட் பார்ப்பதும் அப்படியே இருந்தது.

தாளைப் பார்த்துவிட்டு அவர் ரொம்ப நேரம் பேசவில்லை. எதிர்த்துக் கேட்காதவர்களிடமிருந்து மட்டுமே நேரத்தை எடுத்திருந்தார். மேலதிகாரி கேட்பார், வாடிக்கையாளர் கேட்பார். உடம்பு உடனே கேட்காது. அம்மா கேட்கவே மாட்டார். நான் பார்த்த எல்லாத் தாள்களிலும் ஏறக்குறைய இதே கதைதான், என்னுடையது உட்பட.

வங்கி வேலையை விட்டுவிட்டு உளவியல் முதுகலை படிக்கச் சேர்ந்தபோது எனக்கு 33 வயது. இரண்டாவது பருவத் தேர்வு நேரத்தில் அம்மாவுக்குக் கண்புரை அறுவை சிகிச்சை நடந்தது. ஒரு நாளைக்கு ஆறு தடவை சொட்டு மருந்து விடவேண்டும், அப்புறம் வாரத்துக்கு ஒன்றாகக் குறைத்துக்கொண்டே வரவேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். முதல் இரண்டு நாள் நான் விட்டேன். அதற்குப் பிறகு அம்மா கூப்பிடவில்லை, நானும் கேட்கவில்லை. தேர்வெல்லாம் முடிந்து ஒருநாள் அலமாரியில் எதையோ தேடியபோது தினசரி காலண்டரில் கிழித்த தாள்கள் சில கிடைத்தன. பின்பக்கத்தில் அம்மாவின் கோணல் எழுத்தில் 7, 10, 1, 4, 7, 10 என்று மணி எழுதி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு டிக். கண்ணாடி முன்னால் நின்று, ஒரு கையால் இமையைப் பிடித்துக்கொண்டு தானே விட்டிருக்கிறார். “நீ படிச்சிட்டு இருந்தியே” என்றார். அதற்குமேல் அதைப் பற்றி அம்மா பேசியதில்லை. அந்தத் தாள்கள் இன்னும் என்னிடம் இருக்கின்றன.

தாமஸ் ஹோம்ஸ், ரிச்சர்ட் ராஹி என்ற இரண்டு அமெரிக்க மனநல மருத்துவர்கள் 1967-இல் ஒரு அளவுகோலை வெளியிட்டார்கள். வாழ்க்கையில் வரும் 43 மாற்றங்களுக்கு, ஒவ்வொன்றும் மனிதரை எவ்வளவு அழுத்துகிறது என்று மதிப்பெண். வாழ்க்கைத் துணையின் மரணம் 100, திருமணம் 50. அதில் வேறு துறை வேலைக்கு மாறுவதற்கு 36. அது தனியாக வருவதில்லை என்பதுதான் விஷயம். வரவுசெலவு நிலை மாறுவதற்கு 38. கணவனோ மனைவியோ வேலைக்குப் போக ஆரம்பித்தாலும் நிறுத்தினாலும் 26. படிப்பைத் தொடங்குவதற்கு 26. வெளிப்பழக்கம் குறைவதற்கு 18, தூக்கம் மாறுவதற்கு 16, சாப்பாட்டு நேரம் மாறுவதற்கு 15. கூட்டிப் பாருங்கள், 175 வருகிறது. 150-ஐத் தாண்டினாலே உடம்புக்கு ஏதாவது வரும் வாய்ப்பு கூடுகிறது என்பது அவர்கள் கணக்கு. மனைவியோடு வாக்குவாதம் கூடினால் இன்னொரு 35. பழைய அளவுகோல்தான், நம் ஊருக்காகச் செய்ததும் இல்லை. ஆனாலும் “ஒரு கோர்ஸ்தானே, இதுக்குப் போய் ஏன் இவ்வளவு களைப்பு?” என்று தன்னையே திட்டிக்கொள்பவர்களுக்கு நான் இதைக் காட்டுவதுண்டு.

சரி, அந்த அம்பத்தூர்க்காரர் வீட்டில் என்ன செய்தோம்? முதலில் தேதி. பாடம் முடியும் நாளோடு நிறுத்தாமல், வேலை தேடும் மாதங்களையும் சேர்த்து ஒரு தேதி. பயிற்சி நிலையம் மூன்று மாதம் என்றால் அது பாடம் நடத்தும் காலம் மட்டுமே. ‘பிளேஸ்மென்ட் அசிஸ்டன்ஸ்’ (வேலை தேட உதவி) என்று எழுதியிருப்பதற்கும் வேலை வாங்கித் தருவதற்கும் வெகு தூரம். அடுத்தது பணம். அடகு நகையை எப்போது மீட்கவேண்டும், மாதத் தவணை எவ்வளவு, கையிருப்பு எத்தனை மாதத்துக்கு வரும், எல்லாவற்றையும் இரண்டு பேரும் சேர்ந்து ஒரே தாளில் எழுதினார்கள். அவருக்குத் தெரிந்த பல கணக்குகள் மனைவிக்குத் தெரியாமல் இருந்தன. தெரிந்த பிறகு சண்டை வரும் என்று அவர் பயந்தார். சண்டை வந்தது, ஒரு ராத்திரி. அடுத்த நாள் அந்தப் பெண் ட்யூஷன் பிள்ளைகள் இரண்டு பேரைக் கூடுதலாகச் சேர்த்துக்கொண்டு, கேபிள் இணைப்பை நிறுத்திவிட்டார்.

இன்னும் எங்கும் சேராதவர்களுக்கு ஒரு வார்த்தை. கட்டணத்தைத் தவணையில் கட்டலாம் என்று கையெழுத்து கேட்டால், அது பயிற்சி நிலையத்தின் தவணையா, நிதி நிறுவனம் ஒன்று உங்கள் பெயரில் தரும் கடனா என்று கேளுங்கள். பாதியில் நின்றால் தவணை நிற்குமா என்றும் கேளுங்கள். கடன் என்றால் பெரும்பாலும் நிற்காது. இதை வீட்டுக்குத் தெரியாமல் செய்தவர்கள் என் எதிரில் உட்கார்ந்து அழுதிருக்கிறார்கள்.

தூக்கத்தைப் பற்றி எனக்குப் பிடிவாதம் உண்டு. பெரியவர்களுக்கு 7 மணி நேரத்துக்குக் குறையக் கூடாது. பகலில் படித்ததை மூளை அடுக்கி வைப்பதில் பெரும்பங்கு தூக்கத்தில்தான் நடக்கிறது. அதை வெட்டிவிட்டுப் படிப்பது, ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிக்கிற மாதிரி. அம்பத்தூர்க்காரர் ராத்திரி பத்து மணிக்கு ஸ்ட்ராங்காக ஒரு காபி குடித்துவிட்டு உட்காருவார். அந்த கஃபீனில் பாதி உடம்பைவிட்டுப் போகவே ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும். ஒரு மணிக்குப் படுத்தாலும் மூன்று மணிவரை புரண்டுகொண்டிருந்ததற்குக் காரணம் கவலை மட்டும் இல்லை. காபியை மாலை நாலு மணியோடு நிறுத்தினார், படிப்பைப் பதினொன்றோடு. சேமித்த தகவல்களிலிருந்து வேண்டியதை எடுக்கும் எஸ்.க்யூ.எல். பாடத்தில் ஒரே வீடியோவை மூன்று தடவை பார்ப்பது நின்றுபோனது.

இரண்டாவது ஒரு பெண், சைதாப்பேட்டை. 33 வயது, முன்னாள் ஆசிரியை. நோய்க்கும் சிகிச்சைக்கும் குறியீட்டு எண் (கோடு) போடும் வேலையான மெடிக்கல் கோடிங் படித்துவிட்டு, அதற்கான சி.பி.சி. சான்றிதழ்த் தேர்வுக்குத் தயார் செய்துகொண்டிருந்தார். 100 கேள்வி, 4 மணி நேரம், 70 சதவீதம் எடுக்கவேண்டும். கோடு புத்தகங்களை வைத்துக்கொண்டே எழுதலாம், ஆனால் புரட்டுவதில் வேகம் வேண்டும். அதற்கு நாலு மணி நேரம் ஒரே மூச்சில் உட்கார்ந்து பழகவேண்டும். வீட்டில் அவர் தொடர்ந்து நாற்பது நிமிஷம் உட்கார்ந்ததில்லை. சிலிண்டர்காரர், மாமியாரின் மாத்திரை, பக்கத்து வீட்டு அக்கா, யாராவது வருவார்கள். கதவைப் பாதி சாத்திக்கொண்டு படிப்பார், ஐந்து வயது மகள் அந்தப் பாதிக் கதவில் தொங்கிக்கொண்டு நிற்பாள். பாட்டி ஏதாவது சொன்னால் “பாட்டி, ம்யூட்ல போடு” என்பாளாம். அதைச் சொல்லும்போது அவர் முதலில் சிரித்தார், அப்புறம் கண் கலங்கிவிட்டது.

கணவர் நல்லவர். “நான் ஒண்ணும் வேண்டாம்னு சொல்லலையே” என்று என்னிடம் சொன்னார். மனதாரத்தான் சொன்னார். நம் வீடுகளில் நல்ல ஆண்கள் நிறையப் பேர் இந்த இடத்திலேயே நின்றுவிடுகிறார்கள். தடுக்காமல் இருப்பதையே உதவி என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஞாயிறு காலை எட்டிலிருந்து ஒரு மணிவரை வீடு முழுக்க உங்கள் பொறுப்பு, கேட்காமல் செய்யவேண்டும் என்று பேசி முடித்தோம். மகளுக்கு எண்ணெய் தேய்த்துத் தலைக்குக் குளிப்பாட்டுவது, அம்மா மாத்திரை, இட்லிக்கு மாவு அரைப்பது. முதல் வாரம் “உளுந்து எவ்வளவு போடணும்?” என்று மூன்று தடவை போன். இரண்டாவது வாரம் ஒரு தடவை. அதற்குப் பிறகு, குழந்தைக்குக் காய்ச்சல் அல்லது அடிபட்டால் மட்டுமே போன் என்று வைத்துக்கொண்டார்கள்.

அந்த ஐந்து மணி நேரத்துக்கு அவர் போன இடம் கோட்டூர்புரத்தில் 2010-இல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகம். சொந்தப் புத்தகங்களைக் கொண்டுபோய்ப் படிக்க அங்கே தனிப்பகுதி இருக்கிறது. சைதாப்பேட்டையிலிருந்து பக்கம், சாதாரணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமும் இல்லை. வீட்டில் எட்டு மணி நேரம் பாதிக் கதவுக்குப் பின்னால் உட்காருவதைவிட, வெளியே போய் நாலு மணி நேரம் படித்துவிட்டு முழுசாகத் திரும்பி வருவது குழந்தைக்கும் நல்லது. அம்மா இல்லை என்றால் குழந்தை காத்திருக்கப் பழகிக்கொள்ளும். இருந்தும் கிடைக்காத அம்மாவை அதற்குப் புரியவே புரியாது. அதனால் நூலகத்திலிருந்து வந்ததும் முதல் அரை மணி நேரம் மகளுக்கு. போன் பைக்குள்ளேயே கிடக்கும்.

உறவுக்காரர்கள் விஷயம் வேறு. வேலை மாறப் படிப்பவர்கள், முக்கியமாக ஆண்கள், கல்யாணம் காதுகுத்து எதற்கும் போவதில்லை. படிப்புதான் காரணம் என்பார்கள். பெரும்பாலும் “இப்போ எங்கப்பா இருக்கே?” என்ற கேள்விக்குப் பயந்துதான். வகுப்பில் 23 வயதுப் பிள்ளைகள் அண்ணா என்கிறார்கள், பாடம் எடுப்பவரே தன்னைவிடச் சின்னவர், வெளியே பெரியப்பா இந்தக் கேள்வியைக் கேட்கிறார். நான் சொல்வது, ஒரு வரியைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்: “ஒரு கோர்ஸ் பண்றேன் பெரியப்பா, ஜூன்ல முடியுது.” சொல்லிவிட்டு ரிசப்ஷனில் ஒரு மணி நேரம் இருந்து சாப்பிட்டுவிட்டு வாருங்கள். வேலைத் தகவல்களில் பலதும் அந்தப் பந்தியில்தான் வந்து சேர்கின்றன.

இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் மனம் ஒட்டவில்லை, தூக்கமும் பசியும் கெட்டுவிட்டது, நான் இருந்து என்ன என்ற நினைப்பு வருகிறது என்றால், தேர்வு முடியட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணை எந்த நேரத்திலும் அழைக்கலாம், தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது. உயிரை விடும் எண்ணம் வருபவர்கள் பேசுவதற்கென்றே சென்னையில் 1986 முதல் சினேகா அமைப்பு இருக்கிறது. கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகத்தில் புறநோயாளிகளையும் பார்க்கிறார்கள். அங்கே போனாலே பைத்தியம் என்று அர்த்தம் என்ற பேச்சைக் காதில் வாங்காதீர்கள்.

சைதாப்பேட்டைப் பெண் தேர்வில் தேறி, இப்போது கிண்டியில் வேலைக்குப் போகிறார். ஞாயிறு மாவு இன்னமும் கணவர்தான் அரைக்கிறார். அம்பத்தூர்க்காரருக்கு இன்னும் வேலை கிடைக்கவில்லை. குறித்த தேதி ஆகஸ்ட் 31, அது கடந்துவிட்டது. அடுத்த ஞாயிறே இரண்டு பேரும் பழைய தாளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். ஜனவரி கடைசி என்று புதுத் தேதி. வளையலை மீட்கும் மாதத்தை அடித்துத் திருத்தியிருக்கிறார்கள். அம்மாவைக் கோயிலுக்குக் கூட்டிப்போகும் வெள்ளிக்கிழமையும், பொங்கலுக்கு ஊருக்குப் போகும் நாலு நாளும் மனைவியின் கையெழுத்தில் அதிலேயே இருக்கின்றன.