மஞ்சள் நிறக் கட்டங்கள்

வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு முன்னறை. இரவு பத்தரை மணிக்கு ஆராய்ச்சி மாணவி ஒருத்தி ரொறொன்ரோவுக்கு அழைப்பெடுத்தாள். அங்கே பகல் ஒரு மணி. மறுமுனையில் இருந்தவர் முன்பு இங்கே ஓர் ஆய்வுகூடத்தில் தொழில்நுட்ப உத்தியோகத்தராக இருந்துவிட்டுப் புலம்பெயர்ந்தவர். சுகநலம் விசாரித்து முடிந்ததும் அவள் கேட்டது ஒரே கேள்வி: “அண்ணா, மஞ்சள் என்றால் என்ன?”

அவர் விட்டுப்போன எக்செல் கோப்பு ஒன்று அவளுடைய மடிக்கணினியில் திறந்திருந்தது. 2017ஆம் ஆண்டு கொழும்பின் சில தெருக்களில் வைத்த முட்டைப் பொறிகளின் கணக்கு அது. முட்டைப் பொறி பெரிய சாதனம் ஒன்றுமில்லை. கறுப்பு நிறக் கிண்ணம், பாதியளவு தண்ணீர், உள்ளே சாய்த்து வைத்த ஒரு மெல்லிய பலகைப் பட்டை, அவ்வளவுதான். டெங்கு நுளம்பு அந்தப் பட்டையின் ஈரத்தில் முட்டையிடும். வாரம் ஒருமுறை பட்டையை எடுத்து உருப்பெருக்கியின் கீழ் எண்ணுவார்கள். கோப்பில் இடம், திகதி, முட்டைகளின் எண்ணிக்கை என்று நிரல்கள் ஒழுங்காகத்தான் இருந்தன. சில கட்டங்களுக்கு மட்டும் மஞ்சள் பூசியிருந்தது. அவற்றுள் எல்லாம் பூச்சியம்.

“அது மழை, பிள்ளை. முதல்நாள் கொட்டிய மழையில் கிண்ணம் நிரம்பி வழிந்துவிட்டது. முட்டை இருந்ததா, அடித்துக்கொண்டு போனதா, யாருக்குத் தெரியும்? பூச்சியத்தைப் போட்டு மஞ்சள் பூசிவிட்டேன். எனக்கு விளங்கும்தானே.”

அவருக்கு விளங்கும். அவர் இப்போது ரொறொன்ரோவில் இருக்கிறார் என்பதுதான் சிக்கல். அந்தக் கோப்பை வேறொரு மென்பொருளுக்குக் கொண்டுபோக வெறும் எழுத்துக் கோப்பாக மாற்றினால் நிறம் உதிர்ந்துவிடும், பூச்சியம் மட்டும் தங்கும். அதை வைத்துக் கணக்குப் போட்டால், கனமழை பெய்த வாரங்களில் கொழும்பில் நுளம்பே இல்லை என்று விடை வரும். இங்கே ஒரு மழைக்காலம் இருந்தவர்கள் அதைக் கேட்டுச் சிரிப்பார்கள். கணினி சிரிக்காது.

உயிரியல் ஆய்வுத் தரவுகளைத் திறந்து வைக்கவேண்டும், பகிரவேண்டும், மற்றவர்களும் பயன்படுத்தும்படி விடவேண்டும் என்று சில பத்தாண்டுகளாகவே பேச்சு நடக்கிறது. பேசுகிறவர்களில் பலர் அதை ஒரு பூட்டைத் திறக்கும் வேலையாக எண்ணிக்கொள்கிறார்கள்: கோப்பை இணையத்தில் ஏற்றிவிட்டால் கடமை முடிந்தது. பூட்டைத் திறப்பது அரை நிமிட வேலை. உள்ளே இருப்பது என்னவென்று, எழுதியவரைக் கேட்காமலே முன்பின் தெரியாத ஒருவருக்கு விளங்க வைப்பதுதான் மெய்யான உழைப்பு.

எழுதியவரைக் கேட்பதுகூட எல்லாருக்கும் வாய்ப்பதில்லை. 2014இல் வெளியான ஓர் ஆய்வுக்காக ஒரு குழு, 2 முதல் 22 ஆண்டுகளுக்கு முன் வெளியான 516 தாவர, விலங்கியல் கட்டுரைகளை எடுத்து, அவற்றின் மூலத் தரவு இன்னும் இருக்கிறதா என்று ஆசிரியர்களிடம் கேட்டது. கட்டுரைக்கு வயது ஒன்று கூடும்போதெல்லாம் தரவு எஞ்சியிருப்பதற்கான வாய்ப்பு விகிதம் 17 சதவீதம் குறைந்தது. பழைய மின்னஞ்சல் முகவரி வேலை செய்யவில்லை. அல்லது தரவு இன்று எந்தக் கணினியும் படிக்காத நெகிழ்தட்டில் இருந்தது. எங்கள் மாணவிக்கு அதிர்ஷ்டம். அவளுடைய ஆளின் வாட்ஸ்அப் எண் மாறவில்லை.

அருங்காட்சியகத்துக்குப் பாடசாலைச் சுற்றுலா போனவர்கள் ஊசியில் குத்திய பூச்சிகளைப் பார்த்திருப்பீர்கள். பூச்சிக்குக் கீழே, அதே ஊசியில், நகத்தளவு காகிதம் ஒன்று செருகியிருக்கும். எங்கே, எப்போது, யார் பிடித்தது என்பது அதில் இருக்கும். அந்தக் காகிதம் கழன்று விழுந்தால் பூச்சி வெறும் பூச்சிதான், ஆய்வுக்குப் பெரிதாக உதவாது. தரவைப் பற்றிய தரவு என்று இன்று சொல்வது அந்தக் காகிதத்தைத்தான். பழைய பூச்சியியலாளர்கள் அதை ஒரே ஊசியில் குத்தியதில் புத்தி இருந்தது. எங்கள் எக்செல் கோப்பில் பூச்சி கொழும்பிலும் காகிதம் ரொறொன்ரோவிலும் கிடந்தன.

காகிதம் ஊசியிலேயே இருந்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு நம் நாட்டிலேயே நல்ல உதாரணம் உண்டு. 2016 செப்டெம்பரில் இலங்கை மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. அதே ஆண்டு டிசம்பரில் மன்னாரில் நுளம்புக் குடம்பிகளைத் தேடிப்போனவர்களின் கையில் அழையா விருந்தாளி ஒன்று அகப்பட்டது: அனோபிலிஸ் ஸ்டெஃபன்சி. இந்திய நகரங்களில் மலேரியாவைப் பரப்பும் இனம் அது. கிணற்றிலும் மேல்நிலைத் தொட்டியிலும் வளரும். இலங்கையில் அதற்கு முன் அது பதிவாகவே இல்லை. தோற்றத்தை மட்டும் பார்த்து அடித்துச் சொல்லத் துணிச்சல் வேண்டும். அதனால் டிஎன்ஏவையும் பார்த்தார்கள்.

பார்ப்பது இப்படித்தான். விலங்கின் உயிரணுவில் இழைமணி என்றொரு உறுப்பு உண்டு. அதற்கென்று தனி டிஎன்ஏ, அதாவது நான்கு வகை வேதி எழுத்துகளின் நீண்ட வரிசை, உண்டு. அதில் ஏறத்தாழ 650 எழுத்து நீளமுள்ள ஒரு துண்டு, பெரும்பாலான இனங்களில் இனத்துக்கு இனம் வேறுபடும். கடைப் பொருளின் பட்டைக்குறி போல அதைப் பயன்படுத்தலாம் என்று 2003இல் முன்மொழிந்தார்கள். பிடித்த நுளம்பின் அந்தத் துண்டைப் படித்து, பொதுத் தரவுத்தளத்தில் உள்ள வரிசைகளோடு ஒப்பிடவேண்டும். இதற்கென 1990இல் வந்த பிளாஸ்ட் என்ற தேடுகருவி, கொடுத்த வரிசையைச் சிறுசிறு துண்டாக்கி, ஒவ்வொரு துண்டும் தரவுத்தளத்தில் எங்கெல்லாம் அப்படியே இருக்கிறது என்று முதலில் பார்க்கும். பொருந்திய இடத்திலிருந்து இரு பக்கமும் நீட்டிக்கொண்டே போய், எவ்வளவு தூரம் ஒத்துவருகிறதோ அதற்கேற்ப மதிப்பெண் போடும். முழு நூலையும் வரிவரியாகப் படிக்காமல் அரிய சொல் ஒன்றைப் பிடித்துக்கொண்டு பக்கத்தைக் கண்டுபிடிப்பதைப் போன்ற தந்திரம் அது.

கவனிக்கவேண்டியது என்னவென்றால், இந்த ஒப்பீடு முழுவதும் முகமறியாத ஒருவரை நம்பி நடக்கிறது. எங்கோ ஓர் ஆய்வாளர் தன் நுளம்பின் வரிசையை ஏற்றி, இன்ன இனம், இன்ன ஊர் என்று எழுதிவைத்திருக்கிறார். அதுதான் நமக்குச் சாட்சி. அமெரிக்காவின் ஜென்பேங்க் தரவுத்தளம் 1982இல் தொடங்கியது. அதுவும் ஐரோப்பாவின் தளமும் ஜப்பானின் தளமும் நாள்தோறும் ஒன்றோடொன்று பரிமாறிக்கொள்கின்றன. கொழும்பிலிருந்து ஏற்றுவதை ஒசாகாவில் தேடலாம். ஆனால் ஏற்றியவர் இனப்பெயரைத் தவறாக எழுதியிருந்தால், பொதுவாக அவரே வந்துதான் திருத்தவேண்டும். அதுவரை தவறும் நாள்தோறும் மூன்று கண்டங்களுக்குப் பயணம் போகும். திறந்து வைப்பது தவறையும் சேர்த்தே திறந்து வைக்கிறது. இதை ஆதரவாளர்கள் அவ்வளவாகச் சொல்வதில்லை.

2016இல் இந்த விடயங்களை ஒழுங்குபடுத்தி ஆய்வாளர் குழு ஒன்று நான்கு நெறிகளை வெளியிட்டது. ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்தால் ‘ஃபெயர்’ என்று வரும். தரவு தேடினால் அகப்படவேண்டும், அகப்பட்டதை எடுக்க வழி இருக்கவேண்டும், பிற தரவுகளோடு பொருந்தவேண்டும், மறுபடி பயன்படவேண்டும். முதல் இரண்டும் ஓரளவு எளிது. தரவுத் தொகுதிக்கு மாறாத அடையாள எண் ஒன்றைக் கொடுத்து, நிலையான களஞ்சியத்தில் வைத்தால் பாதிக்கிணறு தாண்டியாயிற்று. ஆள் மாறினாலும் இணையதளம் மாறினாலும் எண் மாறாது. சிக்கல் மூன்றாவதில் இருக்கிறது.

மீண்டும் எங்கள் கோப்புக்கு வருவோம். 03/04/2017 என்று ஒரு திகதி. ஏப்ரல் 3ஆ, மார்ச் 4ஆ? கொழும்பில் எழுதியவர் நாளை முதலில் எழுதியிருப்பார். அவருடைய கணினி அமெரிக்க முறையில் அமைந்திருந்தால் மாதத்தை முதலில் எடுத்திருக்கும். 2017-04-03 என்று ஆண்டிலிருந்து தொடங்கினால் சண்டையே இல்லை. சர்வதேசத் தரமும் அதுதான். அடுத்து ஊர்ப்பெயர். வெள்ளவத்தை ஓரிடத்தில் தமிழில் இருக்கிறது, ஓரிடத்தில் ஆங்கிலத்தில் ‘ட்டா’ என்று முடிகிறது, இன்னோரிடத்தில் ‘ட்டே’ என்று முடிகிறது, வேறோரிடத்தில் ‘கொழும்பு 06’, அதற்குக் கீழே ‘கொழும்பு-6’. நமக்கு ஒரே ஊர், கணினிக்கு ஐந்து. மும்மொழி நாட்டில் இது யாருடைய குற்றமும் இல்லை. ஆனால் ஐந்தையும் ஒன்றாக்க மாணவிக்கு ஒரு பின்னேரம் போனது.

கல்முனையைப் பாருங்கள். இலங்கையில் நிருவாக மாவட்டங்கள் 25. சுகாதாரத் துறையோ கல்முனையை அம்பாறையிலிருந்து பிரித்துத் தனிப் பிராந்தியமாகக் கணக்கெடுக்கிறது. ஆக 26. வாராந்த டெங்கு எண்ணிக்கையில் கல்முனைக்குத் தனி நிரை இருக்கும். 25 மாவட்டங்களாகப் பிரித்த குடித்தொகை அட்டவணையில் அப்படி ஒரு நிரையே இருக்காது. விவரம் தெரியாதவர் இரண்டையும் இணைத்தால் கல்முனையின் நோயாளிகள் கணக்கிலிருந்து காணாமல் போவார்கள். 2017இல் நாடு முழுவதும் 1,86,000க்கு மேற்பட்ட டெங்கு நோயாளிகள் பதிவான பெரும் பரவலில், ஒரு பிராந்தியம் இப்படி ஓசையின்றி உதிர்ந்துபோவது சின்ன விடயமல்ல. ‘கல்முனையை அம்பாறையோடு கூட்டுக’ என்று ஒரு வரி இருந்தால் தீர்ந்தது.

உயிரினப் பெயர்களுக்கும் இதே பாடு. டெங்குவைப் பரப்பும் ஈடிஸ் எஜிப்டை நுளம்பைச் சில ஆண்டுகள் சில ஆய்விதழ்கள் ஸ்டெகோமையா எஜிப்டை என்று எழுதின. பெயரை மட்டும் தேடுகிறவருக்குப் பல கட்டுரைகள் தப்பிவிடும். அதனால்தான் அமெரிக்காவின் உயிரின வகைப்பாட்டுத் தரவுத்தளம் ஒவ்வோர் இனத்துக்கும் ஓர் எண் வைத்திருக்கிறது. அந்த நுளம்புக்கு 7159. மனிதருக்கு 9606. அறிஞர்கள் பெயரைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் சண்டை பிடிக்கட்டும், எண் பேசாமல் இருக்கும்.

மனிதரே செய்யாத தவறும் உண்டு. செப்டின் என்ற புரதக் குடும்பத்தின் மரபணுக்களை ‘செப்ட் 1’, ‘செப்ட் 2’ என்று சுருக்கி எழுதிவந்தார்கள். எக்செல் அதைக் கண்டதும், பாவம் இவர் செப்டெம்பர் 2ஐத்தான் சொல்கிறார் என்று முடிவுகட்டித் திகதியாக மாற்றிவிடும். ‘மார்ச் 1’ என்ற மரபணுவுக்கும் அதே கதி. முன்னணி மரபணுவியல் இதழ்களில் எக்செல் மரபணுப் பட்டியல் இணைத்த கட்டுரைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் இந்தப் பிழை இருந்ததை 2016இல் ஓர் ஆய்வு காட்டியது. கடைசியில் 2020இல் மனித மரபணுக்களுக்குப் பெயரிடும் குழு மரபணுக்களின் பெயரையே மாற்றியது. மென்பொருள் வளைந்து கொடுக்கவில்லை, மனிதரின் மரபணு வளைந்து கொடுத்தது. எக்செல்லில் அந்தத் தானியங்கி மாற்றத்தை நிறுத்தும் வசதி 2023இல்தான் வந்தது.

இவ்வளவு சள்ளையும் எதற்கு என்று கேட்பவருக்குப் புரதத் தரவு வங்கியைக் காட்டலாம். 1971இல் அமெரிக்காவின் புரூக்ஹேவனில் வெறும் 7 புரதங்களின் முப்பரிமாண வடிவங்களோடு அது தொடங்கியது. பின்னாளில் வடிவத்தை வங்கியில் இட்டால்தான் கட்டுரையை ஏற்போம் என்று ஆய்விதழ்கள் சொல்லத் தொடங்கின. அணுவுக்கு அணு, ஒரே முறையில் எழுதிய கோப்புகள் இன்று இரண்டு இலட்சத்தைத் தாண்டிவிட்டன. ஆல்ஃபாஃபோல்ட் என்ற செயற்கை நுண்ணறிவு அமைப்பு, அமினோ அமில வரிசையைக் கொடுத்தால் புரதத்தின் வடிவத்தை ஊகித்துச் சொல்வதற்குப் பாடம் படித்தது அந்த வங்கியில்தான். அதை உருவாக்கிய டெமிஸ் ஹசாபிஸுக்கும் ஜோன் ஜம்பருக்கும் 2024 வேதியியல் நோபல் பரிசில் பாதி கிடைத்தது. 1970களில் தன் புரதத்தை அங்கே இட்டவர் இப்படி ஓர் இயந்திரத்தைக் கனவிலும் கண்டிருக்கமாட்டார்.

வேகமும் ஒரு பயன். 2020 ஜனவரி 11 அன்று சீன ஆய்வாளர் ஜாங் யோங்ஜென்னின் குழு புதிய கொரோனா வைரஸின் மரபணுத் தொகுதியை வெளியிட்டது. முப்பதாயிரத்துக்குச் சற்றுக் குறைவான எழுத்துகள். இரண்டு நாளில், 13ஆம் திகதி, மொடேர்னா நிறுவனம் தன் தடுப்பூசிக்கான வரிசையை முடிவு செய்துவிட்டது. வைரஸ் மாதிரி ஒரு சொட்டுக்கூட அதற்குத் தேவைப்படவில்லை.

ஆனாலும் எல்லாவற்றையும் திறந்துவிடு என்று சொல்பவர்களோடு நான் முழுக்க உடன்படமாட்டேன். டெங்கு நோயாளியின் பெயரை அழித்துவிட்டு வயது, கிராம சேவகர் பிரிவு, அனுமதிக்கப்பட்ட திகதி ஆகிய மூன்றையும் வெளியிட்டாலே போதும், பக்கத்து வீட்டுக்காரர் ஆளைச் சொல்லிவிடுவார். 2022இன் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தரவைச் சிறப்பு வகையில் வைத்திருப்பது சும்மா இல்லை. ஃபெயர் நெறிகளும் எல்லாரும் பார்க்கட்டும் என்று கட்டாயப்படுத்தவில்லை. தரவு பூட்டியே இருக்கலாம். இப்படி ஒன்று உண்டு, இன்னாரிடம் இன்ன நிபந்தனையில் கேட்கலாம் என்ற விவரம் வெளியே இருந்தால் போதும்.

இன்னொரு மனத்தாங்கலும் உண்டு. மாதிரியை நாம் சேர்க்க, மேற்கில் இருப்பவர் கட்டுரை எழுதி, மருந்தும் செய்து நமக்கே விற்பார் என்ற அச்சம் வெறும் கற்பனை அல்ல. 2007இல் இந்தோனேசியா, தன் மாதிரியிலிருந்து உருவாகும் தடுப்பூசி தனக்குக் கட்டுப்படியான விலையில் கிடைக்காது என்று சொல்லிப் பறவைக் காய்ச்சல் மாதிரிகளைப் பகிர்வதை நிறுத்தியது. அதன் பிறகுதான், 2011இல், பகிர்வோருக்குப் பங்கு தரும் உடன்பாடு உலக சுகாதார நிறுவனத்தில் உருவானது.

முன்னறையில் அழைப்பு முடிய நள்ளிரவாயிற்று. மாணவி மஞ்சள் கட்டங்களில் இருந்த பூச்சியங்களை அழித்து, பக்கத்தில் புதிய நிரல் ஒன்றைத் திறந்து, ‘மழையால் கிண்ணம் வழிந்தது’ என்று ஒவ்வொன்றாக எழுதினாள். பிறகு கோப்போடு வைக்க ஒரு விளக்கக் குறிப்பை எழுதத் தொடங்கினாள். கடைசிப் பக்கத்தில் பச்சை நிறத்திலும் நாலைந்து கட்டங்கள் இருந்தன. அதையும் கேட்டிருந்தாள். “பச்சையா? பச்சை பூசினேனா?” என்றாராம் அவர். குறிப்பின் இறுதி வரியை நான் எட்டிப் பார்த்தேன்: ‘பச்சை: பொருள் தெரியவில்லை. பதிவு செய்தவருக்கும் நினைவில்லை. கணக்கில் சேர்க்கவில்லை.’