மிட்டாய் வளையும் நேரம்

கிறிஸ்துமஸ் மரத்தில் கொக்கிபோலத் தொங்கும் சிவப்பு வெள்ளை வரி மிட்டாயான ‘கேண்டி கேனு’க்கு ஒரு பிறப்புக் கதை உண்டு. 1670-இல் ஜெர்மனியின் கொலோன் நகரத் தேவாலயத்தில், பாடகர் குழுத் தலைவர் சிறுவர்களை அமைதியாக உட்காரவைக்க மேய்ப்பன் கோல் வடிவில் மிட்டாய் கொடுத்தாராம். அந்தக் காலத்து ஆவணம் எதுவும் இதற்குத் துணை நிற்கவில்லை. அச்சில் கிடைப்பதெல்லாம் பிந்தியவை. 1844-இல் வண்ண வரியிட்ட நேரான பெப்பர்மின்ட் குச்சியின் செய்முறை வெளியானது. வளைந்த மிட்டாய் மரத்தில் தொங்கியதற்கான குறிப்பு 1882-இல் வருகிறது. ஆக, முதலில் வந்தது குச்சி, வளைவு பிறகு. நேரான குச்சி மரத்தில் தொங்காது.

அந்த வளைவுதான் இதில் கடினமான வேலை. 600 கிராம் சர்க்கரை, 300 கிராம் லிக்விட் குளுக்கோஸ், 150 மில்லி தண்ணீர் சேர்த்து, சர்க்கரை கரையும்வரை மட்டும் கிளறவேண்டும். கொதித்தபின் கரண்டி போடக்கூடாது. பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டிய ஒரு சர்க்கரைத் துகள் உள்ளே விழுந்தால் போதும், மொத்தப் பாகும் படிகமாகிப் பூத்துப்போகும்; ஈரத் தூரிகையால் ஓரத்தைத் துடைத்துவிடுங்கள். குளுக்கோஸ் சேர்ப்பதும் சர்க்கரை மூலக்கூறுகள் படிகமாக அடுக்கப்படாமல் தடுக்கத்தான்.

பாகு 150 டிகிரி செல்சியஸைத் தொட்டதும் இறக்கவேண்டும். தண்ணீரில் ஒரு சொட்டு விட்டால் இறுகி, வளைத்தால் பட்டென்று உடையும். அப்போது நீர் இரண்டு சதவீத அளவில்தான் மிச்சம். 140-இல் இறக்கினால் மிட்டாய் பல்லில் ஒட்டும், வளைவும் நாளடைவில் தொய்யும். 160-ஐத் தாண்டினால் பழுப்பேறி வெண்மை கிடைக்காது.

எண்ணெய் தடவிய கல்லில் ஊற்றி, சற்று ஆறியதும் கால் தேக்கரண்டி பெப்பர்மின்ட் எண்ணெய் விடுங்கள். கொதிக்கும்போது விட்டால் மணம் ஆவியோடு போய்விடும். கால் பங்கில் சிவப்பு நிறம். மீதியைக் கையுறை போட்டு, ஜவ்வு மிட்டாய் இழுப்பதுபோல இழுத்து மடித்து இழுக்கவேண்டும். கண்ணாடிபோல இருந்த பாகு பட்டுப்போல மினுங்கி, பிறகு வெளுக்கும். வெள்ளைச் சாயம் எதுவும் இல்லை. உள்ளே சிக்கிய நுண்ணிய காற்றுக் குமிழிகள் ஒளியைச் சிதறடிப்பதால் வரும் வெண்மை அது. இறுகத் தொடங்கிய பிறகும் இழுத்தால் பொரபொரவென்று உதிரும்.

வெள்ளை உருளையின் மேல் சிவப்புப் பட்டைகளை ஒட்டி, விரல் பருமனுக்கு நீட்டி முறுக்கினால் வரி சுருளாக ஓடும். 15 சென்டிமீட்டர் துண்டாக்கி, உடனே முனையை வளைக்கவேண்டும். ஆறும் பாகு நீர்மமும் அல்ல, கண்ணாடியும் அல்ல. இரண்டுக்கும் நடுவில் அது நிற்பது சில நிமிடங்கள்தான். சூடு அதிகமிருந்தால் வளைவு தட்டையாகும். குறைந்தால் வளைவின் வெளிப்புறம் விரிசல் விட்டு ஒடியும். அதனால் மீதிப் பாகை மிதமான சூட்டில் வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக எடுப்பார்கள்.

1919-இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலம் ஆல்பனியில் பாப் மெக்கார்மக் மிட்டாய்த் தொழில் தொடங்கியபோதும் வளைப்பது கைவேலைதான். அவருடைய மைத்துனரும் கத்தோலிக்கப் பாதிரியாருமான கிரெகரி கெல்லர் 1950-களில் உருவாக்கிய இயந்திரம்தான் அந்த வேலையை எளிதாக்கியது.

செய்து முடித்ததும் முழுக்க ஆறவிட்டு, உடனே செல்லோபேனில் சுற்றுங்கள். இந்த மிட்டாய் காற்றின் ஈரத்தை இழுக்கும். மேற்பரப்பு பிசுபிசுத்து, வரிகள் ஒன்றோடொன்று கலந்துவிடும். மழை நாளில் பாகு வைக்கவே வேண்டாம்.