ஹிஸ்டாரிக்கல் மார்க்கர்: தமிழில் எப்படிச் சொல்வது?

மார்க்கர் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது வெள்ளைப்பலகையில் எழுதும் தடித்த பேனா. அமெரிக்க நெடுஞ்சாலைகளில் அந்தச் சொல்லுக்கு வேறு பொருள். உள்ளூர் வரலாற்றை நாலைந்து வாக்கியத்தில் சொல்லிக் கம்பத்தின் மேல் நிற்கும் உலோகப் பலகைதான் அங்கே ‘ஹிஸ்டாரிக்கல் மார்க்கர்’.

‘மார்க்’ என்பதன் மூலப்பொருள் எல்லை. டென்மார்க் என்ற பெயரின் பின்பாதியும் அதுதான். நோட்டில் கோடு கிழித்து விடும் மார்ஜினும் அதற்குத் தூரத்து உறவு. எல்லை, பிறகு எல்லையைக் காட்டும் அடையாளம், பிறகு எந்த அடையாளமும் என்று பொருள் விரிந்துகொண்டே போனது. கார்ப் பயணம் பரவிய காலத்தில் அது சாலையோரப் பலகைக்கும் வந்து சேர்ந்தது. வர்ஜீனியா 1927-லேயே இவற்றை நடத் தொடங்கிவிட்டது.

தமிழில் இதை ‘நினைவுச்சின்னம்’ என்று எழுதுகிறார்கள். பொருந்தாது. சின்னத்துக்கு எழுத்து தேவையில்லை. இதற்கு எழுத்துதான் உயிர். ‘நினைவிடம்’ அதைவிடப் பிழை. வட கரோலினா 1936-ல் ஸ்டோவால் என்ற ஊரில் நட்ட தன் முதல் பலகையில், சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்ட ஜான் பென்னின் வீடு வடகிழக்கே 3 மைலில் இருந்தது என்று எழுதியது. வீடு அங்கே, பலகை இங்கே. வண்டி போகும் பாதையில்தான் பலகை நிற்கும்.

‘கல்வெட்டு’ என்றால் எழுத்து உள்ளே வெட்டப்பட்டிருக்க வேண்டும். இங்கே அது வெளியே புடைத்து நிற்கிறது. மணல் அச்சில் அலுமினியத்தை உருக்கி ஊற்றி வார்த்து, பின்புலத்துக்கு ஒரு நிறமும் மேடான எழுத்துக்கு வேறு நிறமும் கொடுப்பார்கள். வண்ணம் போனாலும் எழுத்தைப் படித்துவிடலாம். மிசிசிப்பியில் கறுப்பினத்தவரின் உரிமைப் போராட்ட இடங்களைக் காட்டும் ‘ஃப்ரீடம் டிரெயில்’ பலகைகளில் பின்பக்கம் வினைல் படம் ஒட்டுவார்கள். மனி என்ற ஊரில் இருந்த பலகையில் 2017-ல் அதை உரித்தே எடுத்துவிட்டார்கள். வார்ப்பெழுத்தை அப்படி உரிக்க முடியாது.

ஆகவே ‘வரலாற்றுக் குறிப்புப் பலகை’ என்பதே சரி. ஆனால் ‘வரலாற்றுச் சிறப்புமிக்க பலகை’ என்று நீட்டிவிடக் கூடாது. ஆங்கிலத்தில் ஹிஸ்டாரிக்கல் என்றால் வரலாற்றைப் பற்றியது, ஹிஸ்டாரிக் என்றால் வரலாற்றில் இடம்பெற்றது. பலகை முதல் வகை.

இந்தப் பலகைகளில் வரும் ‘கவுண்டி’யை, அதாவது மாநிலத்துக்குள் உள்ள நிர்வாகப் பிரிவின் பெயரை, அப்படியே வைத்துக்கொள்ளலாம். மாவட்டம் என்று மாற்றினால், ஒரே கவுண்டிக்குள் இரண்டு நீதித்துறை ‘மாவட்டங்கள்’ வரும்போது குழப்பம்தான். மிசிசிப்பியின் டாலஹாச்சி கவுண்டி அப்படிப்பட்டது. சார்ல்ஸ்டன், சம்னர் என்று அதற்குத் தலைமையிடமே இரண்டு.

சம்னர் நீதிமன்றத்தின் முன் ஒரு பச்சைப் பலகை நிற்கிறது. 1955 ஆகஸ்டில் சிகாகோவைச் சேர்ந்த 14 வயதுக் கறுப்பினச் சிறுவன் எம்மெட் டில்லின் உடல் டாலஹாச்சி ஆற்றில் கிடைத்தது. இந்த நீதிமன்றத்தில் 5 நாள் நடந்த விசாரணைக்குப் பின் செப்டம்பர் 23-ல், வெள்ளையர் மட்டுமே இருந்த ஜூரி இரு வெள்ளையரை விடுவித்தது. பிறகு பத்திரிகைப் பேட்டியில் இருவரும் கொலையை ஒப்புக்கொண்டார்கள். பலகை சொல்வதன் சாரம் இது. மொழிபெயர்ப்பவர் ‘இந்த’ என்ற சுட்டை விட்டுவிடக் கூடாது. அது போனால் வரிகள் சாதாரணப் பாடநூல் வரிகளாகிவிடும்.

நிறத்தையும் கவனிக்க வேண்டும். மிசிசிப்பியில் பச்சையும் உச்சியில் மக்னோலியாப் பூவும் இருந்தால் மாநில அரசு நட்டது. நீலம் என்றால் ப்ளூஸ் இசை வரலாறு. எம்மெட் டில் நினைவு ஆணையம் ஆற்றங்கரையில் நட்டது ஊதாப் பலகை. அடிவரியில் நட்டவர் பெயரும் ஆண்டும் இருந்தால் அதை முதலில் படியுங்கள். நிகழ்ச்சி எந்தக் காலத்ததாக இருந்தாலும், சொல்லும் விதம் பலகை நட்ட காலத்தைச் சேர்ந்தது. சம்னரில் நடந்ததைப் பொதுவெளியில் ஒப்புக்கொள்ளக் கவுண்டிக்கு 52 ஆண்டுகள் ஆயின. 2007 அக்டோபரில்தான் அந்த நீதிமன்ற வாசலில் நின்று வருத்தம் தெரிவித்தார்கள்.

ஆற்றங்கரைப் பலகையின் கதை வேறு. 2008-ல் நட்ட முதல் பலகையைப் பிடுங்கி ஆற்றில் எறிந்தார்கள். அடுத்ததில் 317 குண்டுத் துளைகள். 2018-ல் வைத்த மூன்றாவது 35 நாளில் சுடப்பட்டது. 2019 அக்டோபரில் 500 பவுண்டுக்கு மேல், அதாவது 225 கிலோவுக்கும் அதிகமான எடையில், குண்டு துளைக்காத எஃகுப் பலகை வந்தது.

துளைபட்ட இரண்டாவது பலகையை 2021-ல் வாஷிங்டனில் ஸ்மித்சோனியனின் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகம் காட்சிக்கு வைத்தது. அந்த ஒன்றை ‘வரலாற்றுச் சிறப்புமிக்க பலகை’ என்று எழுதினால் தப்பில்லை.