பக்கா: சமையற்கட்டில் பிறந்த ஆங்கிலச் சொல்

லண்டன்காரர் ஒருவர் சாப்பாட்டை ருசி பார்த்துவிட்டு 'பக்கா!' என்றால், தமிழ் கற்றுக்கொண்டாரோ என்று வியக்க வேண்டாம். ஆங்கில அகராதியிலேயே இருக்கும் பேச்சுவழக்குப் பெயரடை அது. pukka என்ற எழுத்தைக் கூட்டிப் படித்து 'புக்கா' என்று சொல்லிவிடக் கூடாது. நாம் உச்சரிக்கிற பக்காவேதான். 1999இல் சமையல் கலைஞர் ஜேமி ஆலிவர் தொலைக்காட்சிக்கு வந்தபின், அவர் வாயால் இது பிரிட்டன் முழுக்கப் பரவியது.

சமையல்காரர் வாயில் வந்தது பொருத்தம்தான். சமஸ்கிருதத்தில் 'பச்' என்றால் சமைத்தல். 'பக்வ' என்றால் வெந்தது, பழுத்தது. அதிலிருந்து இந்தியில் பக்கா, தமிழில் பக்குவம். இதே ஆதி வேரின் இன்னொரு கிளை லத்தீன் வழியாக ஆங்கிலத்துக்குப் போய் 'குக்' ஆனது. ஆக, அடுப்பில் விசிலடிக்கும் குக்கரும் பக்காவும் தூரத்துச் சொந்தம்.

ஆங்கிலேயர் இதைப் பிடித்துக்கொண்டது சந்தையில். கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவர் ஜான் ஃப்ரையர் 17ஆம் நூற்றாண்டிலேயே 'பக்கா மணங்கு' என்ற எடை அளவு பற்றி எழுதியிருக்கிறார். பக்கா எடை என்றால் பெரிய, முழு எடை; நம்மூர் பக்காப் படியும் அந்த வகைதான். அப்புறம் செங்கல்லும் காரையும் வைத்துக் கட்டியது பக்கா வீடு, நடை உடையில் குறை சொல்ல முடியாத துரை 'பக்கா சாகிப்'. ஆங்கிலேயர் பேச்சில் கலந்த இந்தியச் சொற்களை யூலும் பர்னலும் தொகுத்து 1886இல் வந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதியில் இவை விரிவாக உண்டு. பர்னல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர்.

எதிர்ச்சொல் கச்சா. கச்சா எண்ணெய் என்கிறோமே, அதே பச்சை நிலை.

சரி, தமிழில் என்ன சொல்வது? ஒரே சொல்லைத் தேடினால் மாட்டிக்கொள்வோம். பக்கா வீடு காரை வீடு. பக்கா திட்டம் கச்சிதமான திட்டம். பக்கா சாகிப் அசல் துரை. இன்றைய ஆங்கிலப் பேச்சில் பெரும்பாலும் பாராட்டாகவே வருவதால் 'அருமை', 'தரமான' என்பவை போதும். 'முதல் தரம்' இன்னும் நெருக்கம். நாமோ திருடனுக்கும் பக்கா போடுகிறோம். அங்கே 'கைதேர்ந்த' என்பதைத் தவிர வேறு எதுவும் ஒட்டாது.